எங்கள் இறைச்சிக்கு ஒரு பி.எச்.ஐ.

1

கடல் ஊருக்குள் வந்த சுனாமி நாளின் நினைவு இந்தக் குளிர் நாட்டில் எப்போதும் நத்தார் எனும் கிறிஸ்மஸ் விடுமுறைக்குள் வந்து விழுகிறது. கடைகள் பாதி பூட்டியிருக்கும். பஸ் ஓடாது. மத்தியானம் தாண்டியதுமே இருட்டத் தொடங்கிவிடும். நாங்கள் காலையில் மவுத்தானவர்களுக்காக யாசீன் ஓதி, எங்கள் ஊரான சாய்ந்தமருதுக்குத் தொலைபேசி எடுத்து, அங்கே இருப்பவர்கள் அழ, இங்கே இருப்பவர்கள் அழ, கடைசியில் இரண்டு பக்கமும் மூக்கைத் துடைத்துக்கொண்டு “இண்டைக்கு என்ன கறி?” என்ற கேள்விக்கு வந்து சேர்வோம். எல்லா வருடமும் இதுதான்.

சென்ற முறை அந்தக் கேள்வி முடிந்த கையோடு மகள் ஸீனத்தின் அழைப்பு வந்தது. அவள் வேறொரு நகரத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். விடுமுறைக்கு ஒரு கடையில் வேலை கிடைத்திருக்கிறது என்று வீட்டுக்கு வரவில்லை.

“வாப்பா, பிரிட்ஜில மின்ஸ் இருக்கு. மணம் ஒண்டும் இல்ல. சமைக்கலாமா?”

மின்ஸ் என்றால் அரைத்த மாட்டிறைச்சி. இங்கே பிளாஸ்டிக் தட்டில் அடைத்து, மேலே கண்ணாடி மாதிரித் தாள் ஒட்டி விற்பார்கள்.

“எப்ப வாங்கின?”

“புதனோ... வியாழனோ...”

“எந்தத் தட்டுல வெச்சிருக்க?”

“மேல் தட்டுல.”

“அதுக்குக் கீழ என்ன இருக்கு?”

“சலாட். வாப்பா, இது என்ன பொலிஸ் விசாரணையா?”

“மணம் சொல்லாது மகள். இறைச்சிய நாற வைக்கிற கிருமி வேற, ஆள வருத்தத்துல போடுற கிருமி வேற. ரெண்டாவது ஆள் மணம் இல்லாமத்தான் வருவான். மின்ஸ் எண்டா ரெண்டு நாள், அதுக்கு மேல எண்டா வாங்கின அண்டைக்கே ஐஸ் தட்டுக்குள்ள போகணும். இப்ப அதைக் குப்பையில போடு. சலாட்டையும் போடு. கைய சவுக்காரம் போட்டுக் கழுவு.”

 அந்தப் பக்கம் சிரிப்பு.

“வாப்பா, நீங்க யோகன் மாமா மாதிரியே கதைக்கிறீங்க.”

சமையலறையில் இருந்த என் மனைவி நஸீமாவும் அதைக் கேட்டுச் சிரித்தாள். ஆகவே ஊரில் இருக்கும் உங்களுக்கு யோகனைப் பற்றி எழுதவேண்டும் என்று நினைத்தேன்.

2

யோகன் காரைதீவுக்காரர். எங்கள் ஊர் முடிகிற இடத்தில் அவருடைய ஊர் தொடங்கும். இருந்தும் ஒருவரையொருவர் முதன்முதலாகக் கண்டது இந்த நாட்டில், ரொட்டி சுடும் ஒரு பாண் தொழிற்சாலையின் உடுப்பு மாற்றும் அறையில். நான் சுனாமிக்கு முன்பே வந்துவிட்டவன். அவர் சுனாமிக்குப் பிறகு, பொதுச் சுகாதாரம் மேற்படிப்புப் படிக்கவென்று வந்தவர். ஊரில் அவர் பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். சாப்பாட்டுக் கடைக்காரர்கள் தூரத்தில் மோட்டார் சைக்கிளைக் கண்டதும் வடைத் தட்டுக்கு மூடி தேடுவார்களே, அந்த உத்தியோகம்.

இங்கே அந்த உத்தியோகத்துக்கு மதிப்பில்லை. பாண் பக்கத்தில் நிற்பதற்கே சுகாதார வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் எடுக்கச் சொன்னார்கள். கை கழுவுவது எப்படி என்று ஒரு இளம் பெண் அவருக்குப் படிப்பித்தாள். யோகன் முன்வரிசையில் இருந்து, பெருவிரலைக் கழுவக் காட்ட அவள் மறந்துவிட்டாள் என்று கையை உயர்த்திச் சொல்லிவிட்டு வந்தார்.

இருவரும் சேர்ந்து ஒரு சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறையும் ஒரு சமையலறையும் வாடகைக்கு எடுத்தோம். பிரிட்ஜ் ஒன்றுதான். அதற்குள் மாட்டிறைச்சி வைப்பதைப் பற்றிக் கதைக்க எனக்குத் தயக்கம். அவர் சைவ சமயத்தவர், மாடு சாப்பிடாதவர். கடைசியில் கேட்டேன்.

“மச்சான், நான் இறைச்சி வாங்கி வெச்சா உனக்கு மனம் கோணுமா?”

“வை. எனக்குப் பிரச்சின இல்ல” என்றார். நான் மூச்சு விட்டேன். “ஆனா நான் சொல்ற மாதிரி வை.”

அவர் சொன்ன மாதிரி என்பது சமயச் சம்பந்தமானதாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. இறைச்சி எப்போதும் கீழ்த்தட்டில், மூடிய டப்பாவுக்குள் இருக்கவேண்டும். சாறு வடிந்தால் எதன் மேலும் வடியக் கூடாது. வெட்டும் பலகை தனி. இறைச்சியைத் தொட்ட கையால் குழாயைத் தொடக் கூடாது. தொட்டால் குழாயையும் கழுவவேண்டும். உறைந்த இறைச்சி பிரிட்ஜுக்குள்ளேயே இளகவேண்டும். மாடு சாப்பிடாத ஒருவர் மாட்டிறைச்சிக்கு இவ்வளவு காவல் இருப்பதை நான் அதற்கு முன்பு கண்டதில்லை.

அந்த வருட நத்தாருக்கு மலிவு விற்பனையில் ‘மின்ஸ்மீட்’ என்று எழுதிய போத்தல் ஒன்று கண்டேன். போத்தலில் அடைத்த இறைச்சி, கெடவும் கெடாது, யோகனின் விசாரணைக்கும் தப்பலாம் என்று வாங்கி வந்து, வெங்காயம், பச்சைமிளகாய், கறித்தூள் எல்லாம் போட்டு வதக்கினேன். வாசம் பாயாசம் மாதிரி வந்தது. யோகன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போத்தலைத் திருப்பி வாசித்தார்.

“றபீக், இதுல மின்சும் இல்ல, மீட்டும் இல்ல. முந்திரிகைப்பழ வத்தலும் சீனியும்தான். ஆ, பிராந்தி இருக்கு.”

நான் சட்டியை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினேன். அவர் சிரித்து முடிக்க நெடுநேரமாயிற்று.

ஹலால் இறைச்சிக் கடை தூரம். ஒருநாள் நான் மின்ஸ் வாங்கிக்கொண்டு ஜும்ஆவுக்குப் போய், அப்படியே முடியும் வெட்டி, பஸ்ஸில் சூடு வரும் இடத்துக்குப் பக்கத்தில் பையை வைத்து வீட்டுக்கு வந்தேன். யோகன் பொதியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குப்பைத் தொட்டியின் மூடியைத் திறந்து பிடித்தார். அடுத்த முறையிலிருந்து அவரும் கூட வந்தார், தோளில் ஒரு குளிர்ப்பையோடு. கடைக்காரரிடம் “எப்போது அரைத்தது? இயந்திரத்தைக் காலையில் கழுவினீர்களா? எனக்கு முன்னால் அரைத்துத் தர முடியுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்தப் பாகிஸ்தான்காரர், இப்படித் துருவித் துருவிக் கேட்கிற மனிதர் மார்க்கத்தில் பெரிய பேணுதல்காரராக இருக்கவேண்டும் என்று நினைத்து, அன்றிலிருந்து அவரை ஹாஜி என்று அழைக்கத் தொடங்கினார். எனக்கு சலாம் மட்டும்தான். ஹாஜிக்கு சலாத்தோடு நாற்காலியும் கிடைத்தது.

3

எங்கள் பக்கத்தில் இறைச்சி என்றால் மாடுதான் என்பது உங்களுக்குத் தெரியும். மற்றதுகளுக்குத்தான் கோழி, ஆடு என்று பெயர் சொல்லவேண்டும். விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அறுத்து, கடையில் தொங்கவிட்டு, வெயில் ஏறுவதற்குள் விற்று முடியும். மத்தியான லுஹர் பாங்குக்கு முன் சட்டியில் இருக்கும். இறைச்சிக்கு வயதாக நாங்கள் விடவில்லை. கட்லட் செய்வதென்றால் உம்மா கத்தியால் கொத்திக்கொள்வா. ஆகவே பிரிட்ஜில் இறைச்சி வைக்கும் வித்தை எங்களுக்குத் தேவைப்படவில்லை.

“முழு இறைச்சி எண்டா கிருமி பெரும்பாலும் வெளிப்பக்கத்துலதான்” என்று யோகன் ஒருமுறை எனக்கு விளங்கப்படுத்தினார். “சட்டி சுட்டதும் அது முடிஞ்சுது. அரைச்சா வெளிப்பக்கம் எல்லாம் உள்ளுக்குப் போயிடும். பிறகு நடுவுல வேகாத இடத்துல அவன் சொகுசா இருப்பான். அதுக்குத்தான் சொல்றன், மின்சுக்கு நிறத்தப் பார்த்து முடிவெடுக்காத.”

நிறத்துக்குப் பதிலாக அவர் ஒரு வெப்பமானி வாங்கினார். ஊசி மாதிரி நீளமானது. நான் கட்லட் பொரித்தால் வந்து நடுவில் குத்திப் பார்ப்பார். எழுபது பாகை வந்து இரண்டு நிமிடம் அங்கேயே நின்றால்தான் “ம், சாப்பிடு” என்பார். என் கட்லட்டுகள் எல்லாவற்றிலும் ஒரு ஓட்டை இருந்தது.

நஸீமாவும் சின்னப் பிள்ளையாக இருந்த மகளும் அப்போது ஊரில். கடலோரத்தில் இருந்த எங்கள் வீடு போய், நஸீமாவின் சகோதரன் வீட்டுப் பின்னறையில் இருந்தார்கள். ஒருநாள் தொலைபேசியில் அவள் கேட்டாள்.

“ஆரோட இருக்கீங்க?”

“காரைதீவு ஆள் ஒருத்தர். யோகன் எண்டு. நம்மட பக்கம் பி.எச்.ஐ.யா இருந்தவராம்.”



“ஒசந்த ஆளா? தடிச்ச கண்ணாடி?”

“ஓம். தெரியுமா?”

“தெரியாமலா! எங்கட இறைச்சியத் தாட்டவன் அவன்தானே!”

அவள் சொன்ன கதை இது. சுனாமிக்குப் பிறகு அவர்கள் ஒரு பாடசாலையில் அகதியாக இருந்தார்கள். நாளாந்தம் பாணும் பருப்பும். எங்கிருந்தோ ஒரு நல்ல மனிதர் லொறி நிறைய அரைத்த இறைச்சி அனுப்பியிருந்தார். சனம் சட்டிகளோடு ஓடியது. அப்போது ஒரு தமிழ் பி.எச்.ஐ. வந்து பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு துண்டும் கொடுக்கக் கூடாது என்று சொல்லி, மைதானத்து மூலையில் கிடங்கு வெட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி எல்லாவற்றையும் மண்ணுக்குள் தாட்டுவிட்டார்.

“மாட்டிறைச்சி எண்டதாலதான் அவனுக்குக் கை வந்திச்சு” என்றாள் நஸீமா. “கோழியா இருந்தா தாட்டிருப்பானா?”

நான் யோகனிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரே பிரிட்ஜைப் பாவிக்கிறவர்கள் சில கதைகளைத் திறக்காமல் விடுவது நல்லது.

4

நஸீமாவையும் மகளையும் இங்கே எடுக்க நான் பட்ட பாடு தனிக் கதை. இங்கே ஒரு குடும்பம் என்றால் எல்லோருக்கும் கடைசிப் பெயர் ஒன்றாக இருக்கவேண்டும். எங்களில் எனக்கு என் வாப்பாவின் பெயர், நஸீமாவுக்கு அவள் வாப்பாவின் பெயர், மகளுக்கு என் பெயர். நேர்முகத்தில் அதிகாரி மூன்று கடவுச்சீட்டையும் பரப்பி வைத்து, இவர்கள் மூவரும் எங்கே சந்தித்தார்கள் என்று கேட்டாராம். “வீட்டுல” என்றாளாம் நஸீமா.

யுத்தம் முடிவதற்கு முந்தின வருடம் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். யோகன் வேறு அறை தேடிப் போகிறேன் என்றார். கிடைக்கவில்லை. அவருடைய அறை அவருக்கு, மற்ற அறை எங்களுக்கு, சமையலறை எல்லோருக்கும் என்றானது.

முதல் நாள் நஸீமா அவரைப் பார்த்து “சுகமா, பி.எச்.ஐ. ஐயா?” என்றாள். அந்த ‘ஐயா’வில் மரியாதையைத் தவிர எல்லாம் இருந்தது.

முதல் சண்டை மின்ஸைக் கழுவுவதில் வந்தது. ஊரில் இறைச்சியை நாலு தண்ணீர் கழுவாமல் யார் சமைத்தார்கள்? நஸீமா மின்ஸை வடிதட்டில் போட்டு, குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். பாதி இறைச்சி கழிவுக் குழாய் வழியே போனது. யோகன் கதவடியில் நின்றுகொண்டு, அவளிடம் நேராகச் சொல்லாமல் என் மகளிடம் சொன்னார்.

“ஸீனத், உம்மாக்கிட்டச் சொல்லு, கழுவினா கிருமி போகாது. தண்ணி தெறிச்சு, கிண்ணம், கோப்பை, மேசை எல்லாத்துலயும் ஏறிடும். அடுப்புதான் அதைக் கொல்லும்.”

“ஸீனத், மாமாக்கிட்டச் சொல்லு, கழுவாத இறைச்சி எண்டா எனக்கு வாய்க்குள்ள போகாது.”

மகள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் “நான் படம் பார்க்கப் போகிறேன்” என்று சொல்லி எழுந்து போனாள். ஊரிலிருந்து வந்து சில மாதங்களுக்குள் அவளுக்குக் கோபம் ஆங்கிலத்தில் வரத் தொடங்கியிருந்தது. தமிழ் பசிக்கும் நித்திரைக்கும் மட்டும்.

அடுத்தது வெப்பமானி.

“பிஸ்மி சொல்லிச் சமைக்கிற எனக்கு இந்த ஊசி என்னத்துக்கு?”

“பிஸ்மியும் சொல்லுங்க, ஊசியையும் குத்துங்க. ரெண்டும் ஒண்டுக்கொண்டு தடையில்ல.”

நோன்பு வந்தது. நஸீமா மின்ஸ் போட்டுக் கஞ்சி காய்ச்சினாள். மிச்சத்தைப் பானையோடு அடுப்பிலேயே விட்டால், தொழுதுவிட்டு வருவதற்குள் யோகன் அதைச் சின்னச் சின்ன டப்பாக்களில் ஊற்றி, ஆறவைத்து, பிரிட்ஜில் அடுக்கியிருப்பார். அவர் அந்தக் கஞ்சியில் ஒரு துளி வாயில் வைத்தவரில்லை. “என்ட பானைக்குள்ள ஏன் இவர் கை வைக்கிற?” என்று நஸீமா என்னிடம் பொருமுவாள். ஆனால் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு அந்த டப்பாவைத்தான் சூடாக்குவாள்.

ஒருநாள் மகளின் பாடசாலையிலிருந்து கூப்பிட்டார்கள். ஆசிரியை மிகவும் கவலையாக இருந்தாள். உங்கள் வீட்டில் ஒரு இன்ஸ்பெக்டர் தங்கியிருப்பதாகவும், அவர் தாயை எந்நேரமும் கண்காணிப்பதாகவும் பிள்ளை சொல்கிறாளே, குடிவரவுப் பிரச்சினை ஏதும் உண்டா, உதவி தேவையா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அவர் மனிதர்களுக்கான இன்ஸ்பெக்டர் இல்லை, மாட்டுக்கான இன்ஸ்பெக்டர் என்று விளங்கப்படுத்தினேன். அவளுடைய கவலை இன்னும் கூடிவிட்டது.

5

பிறகு அந்த மே மாதம் வந்தது.

யோகனுக்கு ஒரே தங்கை, மலர். கிளிநொச்சியில் கல்யாணம் முடித்துப் போனவள். யுத்தத்தில் வடக்குப் பாதை பூட்டப்பட்ட பிறகு அவளிடமிருந்து எப்போதாவது ஒரு செய்தி வரும். அந்த வருடம் தொடங்கியதிலிருந்து அதுவும் இல்லை. யுத்தத்தை நிறுத்தச் சொல்லி நகரத்தில் நடந்த ஊர்வலங்களுக்கு யோகன் சில நாள் போனார். பிறகு போகவில்லை. தொலைக்காட்சியில் யுத்தம் முடிந்தது என்று சொன்ன அன்று அறைக் கதவைச் சாத்தினவர்தான்.

எங்களுக்கு அந்த யுத்தம் வேறு மாதிரி. பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைத் தமிழ் இயக்கத்தின் துப்பாக்கிக்கு இழந்த பக்கத்து ஆட்கள் நாங்கள். ஊரிலிருந்து மாமா தொலைபேசியில் “முடிஞ்சுது மருமகன், அல்ஹம்துலில்லாஹ்” என்றார். நானும் சொன்னேன். ஆனால் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். சுவர் மெல்லியது. அந்தப் பக்கம் யோகன் இருந்தார்.

அவரிடம் என்ன கதைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நஸீமா பாரை மீன் ஆணமும் சோறும் கதவடியில் வைத்தாள். போட்டது போட்டபடி திரும்பி வந்தது. இடியப்பம் வைத்தாள். அதுவும் வந்தது. அவர் தண்ணீர் எடுக்க மட்டும் சமையலறைக்கு வந்து, யாரையும் பார்க்காமல் போனார். முகச்சவரம் இல்லை. கண்ணாடி இல்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

“விடு, தனிய இருக்கட்டும்” என்றேன்.

“தனிய இருக்கிற மனுசன் பட்டினியாயும் இருக்கணுமா?” என்றாள் நஸீமா.

அடுத்த நாள் பின்னேரம் நான் வேலை முடிந்து வந்தேன். நல்ல வெயில். சமையலறை ஜன்னலடியில், வெயில் விழுகிற இடத்தில், மின்ஸ் பொதி ஒன்று இருந்தது. டப்பா இல்லை. தட்டு இல்லை. பக்கத்தில் அறுத்த தக்காளி வேறு. எனக்கே பதறிவிட்டது. எடுத்து உள்ளே வைக்கப் போனேன். நஸீமா என் கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“தொடாதீங்க.”

யோகனின் கதவு திறந்தது. தண்ணீர்க் கோப்பையோடு வந்தார். குழாயைத் திறக்கப் போன கை நின்றது.

“இது எப்ப இருந்து வெளிய இருக்கு?”

பல நாளுக்குப் பிறகு நாங்கள் கேட்ட முதல் வார்த்தை அதுதான். குரல் கரகரத்தது.

“காலையில இருந்து” என்றாள் நஸீமா, வெங்காயம் உரித்துக்கொண்டே.

“காலையில இருந்தா? வெயிலுக்கையா? எத்தின தரம் சொல்ற உங்களுக்கு!”

“ஊரில வெளியதான் வெச்சம். ஒருத்தரும் மவுத்தாகல்ல.”

“ஊரில காலையில அறுத்தத மத்தியானம் திண்டீங்க. இது எப்ப அறுத்ததெண்டு விக்கிறவனுக்கே தெரியா!”

“அப்ப தாட்டிடுங்களன். மண்ணுல தாட்டுற வேல உங்களுக்கு நல்லாத் தெரியும்தானே!”

 யோகன் அவளைப் பார்த்தார். நஸீமா கத்தியைக் கீழே வைத்தாள். தொடங்கும்போது அவள் விளையாட்டாகத்தான் தொடங்கியிருக்கவேண்டும். இப்போது அது விளையாட்டாக இல்லை.

“என்ட புள்ள பருப்ப வாயில எடுக்காம இறைச்சி இறைச்சி எண்டு அழுதிச்சு. லொறியக் காட்டி, இந்தா வந்திட்டு மகள் எண்டு சொன்னன். சட்டியோட நிண்டன். நீங்க மண்ணெண்ணெய் ஊத்தினீங்க. எங்கட சாப்பாடு எண்டதாலதானே?”

யோகன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“பாலம் உடைஞ்சு லொறி வழியில நிண்டு போச்சு” என்றார். “ஐஸ் எல்லாம் தண்ணி. பெட்டிக்குள்ள கைய வெச்சன், இளஞ்சூடு. அரைச்ச இறைச்சி, நஸீமா. அந்தப் பள்ளிக்கூடத்துல எல்லாருக்குமா எத்தின கக்கூசு இருந்தது? குடிக்கத் தண்ணி இருந்ததா? அவ்வளவு புள்ளையளுக்கும் ஒரே நாளில வயித்தால போயிருந்தா, ஆரை எங்க கொண்டு போற? ஆஸ்பத்திரியும் கடலுக்கதானே கிடந்தது.”

“அப்ப அது கெட்டுத்தான் போயிருந்ததா?”

“தெரியா.”

“தெரியாதா?”

“ஒருத்தரும் சாப்பிடல்லயே. அதால இண்டைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியா. எனக்கும்தான்.” அவர் கோப்பையை மேசையில் வைத்தார். “அண்டைக்குக் காலையில அம்மாவத் தாட்டிட்டு வந்தன். பின்னேரம் இறைச்சியத் தாட்டன்.”

நஸீமாவுக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது. நாலு வருடம் ஒரே பிரிட்ஜைத் திறந்து மூடிய மனிதர் அவர்.

“உங்கட உம்மா... சொல்லியிருக்கலாமே அண்ணன்” என்றாள். அண்ணன் என்று அவள் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“எப்பிடிச் சொல்ற? நீங்க என்ட சேர்ட்டப் பிடிச்சு இழுத்துக்கொண்டெல்லா நிண்டீங்க.”

நான் நஸீமாவைப் பார்த்தேன். “நீயா?”

“நான் மட்டுமில்ல” என்றாள் அவள், வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு. “கன பேர் நிண்ட.”

“பிஞ்ச பொத்தான் ரெண்டும் இவங்கதான்” என்றார் யோகன்.

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பு அறைக்குள் எங்கோ வந்து நின்றது. யோகன் எழுந்து, “முதல்ல இத எடுத்துக் குப்பையில போடுங்க” என்று சொல்லி, தானே பொதியைத் தூக்கினார். தூக்கியவர் அதை ஒருமுறை மேசையில் தட்டினார். டக் என்று கல் மாதிரிச் சத்தம் கேட்டது.

“இது இன்னும் ஐஸ் கட்டியாத்தானே இருக்கு.”

“ஓம்.”

“காலையில இருந்து வெளிய எண்டு சொன்னீங்க.”

“உங்கட கட்டில் கிறீச்செண்ட சத்தம் கேட்டாப்போலதான் வெளிய எடுத்த” என்றாள் நஸீமா. “சோறு போடட்டா?”

அவர் பொதியைத் திரும்ப ஐஸ் தட்டில் வைத்தார். கையைக் கழுவினார், பெருவிரலையும் சேர்த்து. பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார். மீன் ஆணம்தான். தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டார். நஸீமா இரண்டாம் தரம் சோறு போட்டபோது வேண்டாம் என்று சொல்லவில்லை.

6

கிழமைகள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை யோகனின் கைத்தொலைபேசி அடித்தது. இலங்கை எண், ஆனால் தெரியாத எண். அவர் அதைக் காதில் வைத்தபோது நாங்கள் எல்லோரும் சமையலறையில் இருந்தோம். மறுபக்கத்துக் குரல் எங்களுக்கும் கேட்டது. பழைய தொலைபேசி, எதையும் ஒளிக்காது.

“அண்ணன்...”

மலர். வவுனியா அகதி முகாமில் இருந்தாள். யாரோ ஒருவரின் தொலைபேசியில் கொஞ்ச நேரம் கதைக்கவிட்டிருந்தார்கள். தானும் இரண்டு பிள்ளைகளும் உயிரோடு இருப்பதாகச் சொன்னாள். கணவனைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. யோகனும் கேட்கவில்லை.

யோகன் சுவரில் சாய்ந்து நின்றார். தங்கையிடம் கேட்க எத்தனையோ இருந்திருக்கும்.  கடைசியில் வந்தது இதுதான்:

“மலர், தண்ணி கொதிக்க வெச்சுத்தானே குடிக்கிறீங்க?”

அதற்குமேல் அவரால் முடியவில்லை. தோள் குலுங்கத் தொடங்கியது. பக்கத்தில் நின்ற நஸீமாவின் கையில் தொலைபேசியைத் திணித்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

நஸீமாவுக்கு மலரை முன்பின் தெரியாது. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பேசினாள்.

“தங்கச்சி, நான் நஸீமா. சாய்ந்தமருது. அண்ணனோட ஒரே வீட்டுலதான் இருக்கம். அண்ணன் நல்லா இருக்கார். அழுறார், வேற ஒண்டும் இல்லம்மா. அவர் கேட்டதுக்குச் சொல்லுங்க. தண்ணி...”

நான் கிட்ட நின்றதால் எனக்குக் கேட்டது; அழுதுகொண்டிருந்த யோகனுக்குக் கேட்கவில்லை.

“தண்ணி பவுசர் லொறியில வாற அக்கா. அதுக்கும் வரிசை. கொதிக்க வைக்க விறகு எங்க இருக்கு?”

நஸீமா யோகனைத் திரும்பிப் பார்த்தாள். யோகன் கையை முகத்திலிருந்து எடுத்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓமாம் அண்ணன்” என்றாள் நஸீமா. “நல்லாக் கொதிக்க வெச்சு, ஆற வெச்சுத்தான் குடிக்கிறாங்களாம்.”

யோகன் தலையாட்டினார். மூக்கை உறிஞ்சினார்.

“மூடி வைக்கிறாங்களாமா?”

“ஓம்” என்றாள் அவள். “மூடியும் வைக்கிறாங்களாம்.”